பாதையைப் பெருக்கினால் போதுமா?

சில ஆண்டுகளுக்கு முன், பரீட்சைக் காலத்தில் ஒரு நாள் காலை, பேராதனையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ் வண்டியில் நாம் அமர்ந்திருந்தோம். கெட்டம்பேயில் நின்ற வண்டி நெடுநேரம் நகரவில்லை. அருகிலிருந்த மாணவி ஒருத்தி மணிக்கூட்டைப் பார்ப்பதும் வீதியைப் பார்ப்பதுமாக இருந்தாள். ஈற்றில், "ஐயா, நான் இறங்கி ஓடுகிறேன்" என்று கூறி இறங்கிவிட்டாள். உரிய வேளைக்கு அவள் பரீட்சை மண்டபத்தை அடைந்தாளோ, அறியோம். அவள் ஓடிய வீதியின் அருகே இருப்புப்பாதை வெறுமையாகக் கிடந்தது.

வீதியை அகலமாக்கலாம், அல்லது தூண் நிறுத்தி மேலே மற்றொரு வீதி கட்டலாம் என்பர் சிலர். கண்டியோ மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற நகரம். பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னக்கும்புர ஆகிய வழிகளால் வரும் வண்டிகள் யாவும் ஒரு சிறு நடுவிடத்தில் வந்து கூடுகின்றன. வாயிலை அகலமாக்கினால் வீட்டினுள் இடம் பெருகுமா? நகரில் அலுவலின்றி ஊடறுத்துச் செல்லும் வண்டிகளுக்காக மலையைக் குடைந்து சுரங்கவழி அமைக்கும் யோசனை ஆராயத்தக்கதே. ஆயினும் பள்ளிக்கும் வைத்தியசாலைக்கும் கடைக்கும் வருவோர் நகருக்குள் வந்தேயாக வேண்டும். அவர்களுக்கு வழி யாது?

மேம்பால வீதியைப் பற்றித் தென்கொரியத் தலைநகரான சியோல் கற்ற பாடம் ஒன்றுண்டு. அங்கே சொங்கேசொன் என்னும் ஓடையை மூடி, அதன்மேல் எழுப்பிய உயர்வீதியை 2003 இல் இடிக்கத் தொடங்கினர். 2005 இல் ஓடை மீண்டும் வெளிச்சம் கண்டது. கண்டியரசின் இறுதி மன்னர் 1807 இல் அமைத்த வாவியும் தலதா மாளிகையும் கொண்ட நமது நகரை யுனெஸ்கோ 1988 இல் உலக மரபுரிமையாக ஏற்றது. இங்கே தூண்களை நிறுத்திவிட்டுப் பின்னர் வருந்துதல் அறிவுடைமையாகாது.

கையிலிருக்கும் பொருளை முதலில் நோக்குவோம். கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லவென வந்த புகையிரதம் 1867 இல் கண்டியை அடைந்தது. 1880 இல் மாத்தளைவரை நீண்டது. அப்பாதை பேராதனை, அஸ்கிரிய, மகியாவை, கட்டுகஸ்தோட்டை எனச் சனம் நிறைந்த இடங்களைத் தொட்டே செல்கிறது. தோட்டப் பயிருக்காக இட்ட பாதை இன்று பள்ளிப் பிள்ளைக்கு உதவலாகாதா? காலையும் மாலையும் சிறு வண்டிகளை அடுத்தடுத்து விடலாம். மாத்தளைப் பக்கம் ஒற்றைப் பாதையாகையால், எதிரெதிர் வரும் வண்டிகள் விலகிச் செல்ல இடம் அமைத்தல் வேண்டும். இதற்கும் பணம் வேண்டும். ஆனால் புதிதாய் நிலம் தேடி வீடுகளை இடிக்க வேண்டிய தேவை மிகக் குறைவு.

புகையிரதம் மட்டும் போதாது. சென்னையில் 1995 இல் தொடங்கிய பறக்கும் இரயில் உயரத்தில் விரைந்து சென்றது. ஆயினும் பல நிலையங்களில் இறங்குவோருக்கு அடுத்த பஸ் வண்டி எளிதிற் கிட்டாமையால், நெடுங்காலம் எதிர்பார்த்த அளவு சனம் ஏறவில்லை. கண்டியிலோ புகையிரத நிலையத்தின் அயலிலேயே குட்ஷெட் பஸ் நிலையம் அமைந்தது. இரண்டையும் இணைக்கும் பெருநிலையத் திட்டம் உலக வங்கிக் கடனுதவியோடு வகுக்கப்பட்டதும் இக்கருத்தினாலேயே. கட்டடம் எழுந்தால் மட்டும் இணைப்பு உண்டாகிவிடாது. இரண்டின் நேரசூசியும் ஒன்றாதல் வேண்டும்; பயணச்சீட்டும் ஒன்றானால் இன்னும் நன்று.

2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டு இருப்புப்பாதைகளைப் பெரிதும் சிதைத்தது. அவற்றைச் செப்பனிடுவோர், பழையபடி ஆக்குவதோடு அமையாது, அன்றாடப் பயணிக்கும் ஏற்றதாக ஆக்குவார்களாயின் அத்துன்பத்திலும் ஒரு நன்மை விளையும்.

மாணவ நண்பர்களே, நாளைய பொறியியலாளரும் அதிகாரிகளும் நீங்களே. வரைபடத்தை விரிக்கும்போது, எத்தனை வண்டிகள் ஓடும் என்று கணக்கிடுமுன், எத்தனை மனிதர் உரிய நேரத்தில் போய்ச் சேர்வர் என்று எண்ணிப் பாருங்கள். அன்று வீதியில் ஓடிய அம்மாணவியையும் அக்கணக்கிற் சேர்த்துக்கொள்ளுங்கள்.