எண்ணிக்கை மோகம்

நாலு பேர் கூடிச் சங்கீதம் பேசுகிற இடத்தில் இப்போதெல்லாம் ராகத்தைவிட எண்களைப் பற்றிய பேச்சே அதிகமாக இருக்கிறது. பாட்டை விநாடிக்கு 44,100 தடவை அளந்து பதிந்தார்களா, 1,92,000 தடவை அளந்தார்களா என்பதுதான் ரசனைக்கு உரைகல்லாம். இதை நான் ரசனை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். படித்தவர்களின் மூடநம்பிக்கை என்றுதான் சொல்வேன்.

அவர்களுடைய வாதம் இது: ஒலி இடையறாத அலை, அதை விட்டு விட்டு அளந்தால் இரண்டு அளவுகளுக்கு நடுவே இருந்த இசை தொலைந்து போகும், ஆகவே எத்தனைக்கெத்தனை அதிகம் அளக்கிறோமோ அத்தனைக்கத்தனை நல்லது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையில்லை.

பள்ளிக்கூடத்து க்ஷேத்திர கணிதத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் வழியாக ஒரே ஒரு வட்டம்தான் போட முடியும். அதே வட்டத்தில் நாலாவதாக ஒரு புள்ளியைக் கொடுத்தால் வட்டம் இன்னும் வட்டமாகிவிடுமா? ஒலிக்கும் இப்படி ஒரு விதி உண்டு. ஒலியிலுள்ள மிக உயர்ந்த அதிர்வு எதுவோ, அதன் இரண்டு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால் முழு அலையும் கைக்கு வந்துவிடுகிறது. நடுவிலிருந்த வளைவுகளும் அந்தக் கணக்கிலேயே அடக்கம். ரஷ்யாவில் கோடெல்னிகாவ் 1933-லும், அமெரிக்காவில் ஷானன் 1949-லும் எழுதி வைத்த விஷயம் இது. மனிதச் செவி, அதுவும் இளம் செவி, ஏறத்தாழ 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். 1982-ல் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க்குக்கு 44,100 போதுமானதாக இருந்ததன் காரணம் அதுதான்.

ஒரு நிபந்தனை உண்டு. பாதிக்கு மேற்பட்ட அதிர்வுகளை அளப்பதற்கு முன்பே வடிகட்டிவிட வேண்டும். தவறினால் 30,000 அதிர்வுள்ள ஒலி, 14,100 வேஷம் போட்டுக்கொண்டு பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுகிறதே, அதே ஏமாற்றுதான். அதிகம் அளந்தால் வடிகட்டுவது சுலபம்; ஆகவே ஒலிப்பதிவுக் கூடத்தில் அதற்கு இடமுண்டு. ஆனால் பட்டறையின் சௌகரியத்தை அமிர்தம் என்று சொல்லி வீட்டில் இருப்பவன் தலையில் கட்டுவது வியாபாரம்.

2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் பரீட்சை நடத்தினார்கள். எது எது என்று சொல்லாமல் 554 தடவை கேட்கச் செய்ததில், சரியாகச் சொன்னது ஏறக்குறையப் பாதி. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். பல பரீட்சைகளைச் சேர்த்து ரைஸ் என்பவர் 2016-ல் கணக்கெடுத்தபோது நூற்றுக்கு 52 சொச்சம் வந்தது. இந்த இரண்டுக்காகவா இத்தனை ஆரவாரம்?

எண்ணிக்கை உண்மையிலேயே போதாத இடம் ஒன்று உண்டு. டெலிபோனுக்கு நெடுங்காலம் விநாடிக்கு 8,000 அளவுதான். 3,400 அதிர்வுக்கு மேற்பட்டதை நறுக்கிவிடுவார்கள். 'ஸ'வையும் 'ஃப'வையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. 16,000 அளந்து 7,000 அதிர்வு வரை கொண்டுவரும் முறை வந்துவிட்டது. இருந்தும், பழைய குறுகிய வழியிலேயே போகும் அழைப்புகள் இன்னும் உண்டு. காது மந்தமான பாட்டி, பேரன் சொல்லும் ஊரின் பெயரை மூன்று தரம் கேட்டு, கடைசியில் புரிந்ததுபோல் 'சரி' என்று சொல்லிவிடுகிறாள்.

அவளுக்காக எந்த ரசிகராவது வாய் திறந்தாரா? 8,000 என்பது 16,000 ஆனால் அவளுக்குப் பேச்சு விளங்கும். 44,100 என்பது 1,92,000 ஆனால் கடைக்காரருக்குக் கல்லா நிறையும். எதற்காகக் கூச்சல் போடுவது என்று தீர்மானிக்க இதற்கு மேல் கணிதம் வேண்டியதில்லை.