'பிரேக் அட்ஜஸ்ட் செய்யப்பட்டது'

போன ஆனி மாதம், சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு காலை. ஐந்தருவியில் குளித்துவிட்டு, மனைவியைப் பின்னால் உட்காரவைத்து இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. பின் பிரேக்கை மிதித்தேன். பெடல் அடிவரை போயிற்று, வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, முன் பிரேக்கை மெல்லப் பிடித்து, வேனுக்கு ஒரு முழம் இருக்கையில் நிறுத்தினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. என் தோளைப் பற்றிய கை மட்டும் தென்காசி வீடு வந்து சேரும்வரை தளரவில்லை.

பன்னிரண்டு நாள் முன்புதான் சர்வீஸ் விட்டு எடுத்திருந்தேன். பில்லைத் தேடிப் பார்த்தேன். 'பிரேக் அட்ஜஸ்ட் செய்யப்பட்டது' என்று ஒரு வரி, எதிரே ஒரு தொகை. நான் ஆயுள் முழுக்க குமாஸ்தாவாக இருந்தவன். 'தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எழுதி மூடிய கோப்புகள் எத்தனை பார்த்திருப்பேன்! இதுவும் அந்த ரகம்தான்.

நடந்தது என்ன? பின் சக்கர டிரம்முக்கு வெளியே, பிரேக் கம்பி வந்து சேரும் இடத்தில், பல வண்டிகளில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பெடலை அழுத்தும்போது அந்த அம்பு எதிரே உள்ள கோட்டைத் தொட்டால் லைனிங் தேய்ந்து முடிந்தது என்று அர்த்தம். என் வண்டியில் அம்பு கோட்டைத் தாண்டியே போயிருந்தது. கம்பி முனையில் உள்ள நட்டைத் திருகினால் பெடல் மேலே வரும், மிதிக்கவும் கெட்டியாக இருக்கும். ஆனால் தேய்ந்த லைனிங் வளருமா? குனிந்து பார்க்க அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தை யாரும் செலவழிக்கவில்லை. நானும்தான்.

அதனால்தான் சொல்கிறேன், நம் வயதுக்காரர்களுக்கே சொல்கிறேன்: பழைய வண்டி வைத்திருப்பவன் அதன் பிரேக்கையும் செல்ஃப் மோட்டாரையும் தன் கையால் திறந்து பார்க்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

நான் காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன். சின்ன வகுப்பில் 'லெஸோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருளைக் கையில் கொடுத்து நடத்தும் பாடம். எங்கள் வாத்தியார் ஒரு பழைய பூட்டை மேஜைமேல் வைத்துக் கழற்றச் சொன்னார். பிறகு மாட்டச் சொன்னார். மாட்டத் தெரியாதவன் கழற்றியதும் கணக்கில்லை என்பார். பிரெஞ்சு இலக்கணம் முக்கால்வாசி மறந்துவிட்டது, அந்தப் பூட்டு மறக்கவில்லை.

செல்ஃப் மோட்டார் கதை அதற்கு முந்தைய வருஷம். பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி நன்றாகவே இருந்தது. கடையில் ஒரு பையன் வண்டியைத் தொடாமலே, "மோட்டார் போச்சு சார், புதுசு மாத்திருவோம்" என்றான். விலையும் சொன்னான். என் பென்ஷனில் அது சின்னத் தொகை இல்லை. "2006-ஆம் வருஷத்து வண்டி சார், தூக்கிப் போட்டுட்டு வேற எடுங்க" என்று உபதேசம் வேறு. அரசாங்கமே 15 வருஷம் முடிந்ததும் சோதித்துப் பார்த்து இன்னும் 5 வருஷம் ஓட்டலாம் என்று மறுபதிவு செய்து தருகிறது. இவருக்கு என்ன அவசரம்?

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். பிறகு மோட்டாரை இறக்கி, மூடியும் உடம்பும் சேரும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு திறந்தேன். உள்ளே கருப்பு மாவாகக் கார்பன் தூள். இரண்டு கார்பன் பிரஷ்ஷும் தேய்ந்து குட்டையாகி, ஸ்பிரிங் அழுத்தியும் ஆர்மேச்சரின் செப்புப் பட்டைகளைத் தொடவில்லை. மின்சாரம் போகாமல் மோட்டார் எப்படிச் சுற்றும்? பட்டைகளை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, இடுக்கில் இருந்த தூளைக் கிளறி எடுத்தேன். புது பிரஷ் ஒரு ஜோடி 140 ரூபாய். அதுவும் வண்டிக் கம்பெனி கடையில் இல்லை, அங்கே முழு மோட்டார்தான் விற்பார்களாம். மோட்டார் ரீவைண்டிங் செய்யும் ஒருவரிடம் பழையதைக் காட்டி வாங்கினேன். ஆபீசில் கார்பன் பேப்பரோடு காலம் தள்ளியவனுக்குக் கடைசிக் காலத்திலும் விரலெல்லாம் கார்பன்.

"அண்ணாச்சி, பிரேக்குங்கிறது உயிர் விஷயம், அதுல கை வைக்கலாமா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். உயிர் விஷயம் என்பதால்தான் ஐயா பார்க்கச் சொல்கிறேன். தெரியாததைத் தொடச் சொல்லவில்லை. ஏபிஎஸ் உள்ள வண்டியை நான் தொடமாட்டேன். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயம், அதற்குத் தனிக் கருவி வேண்டும். என் வண்டி டிரம் வண்டி. ஷூவை மாற்றியபின் தெருவில் நடை வேகத்தில் பத்து தடவை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மெயின் ரோட்டுக்குப் போனேன். முதல் முறை கேமுக்கு வைத்த கிரீஸ் அதிகமாகி லைனிங்கில் பட்டுவிட்டது. அந்த ஷூவை எறிந்துவிட்டு வேறு வாங்கினேன். நஷ்டம்தான், மறைப்பானேன்.

இன்னொன்று, டிரம்மில் உள்ள தூளை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும், நுரையீரலுக்கு எமன். பிரான்சில் 1997-லேயே கல்நாரைத் தடை செய்துவிட்டார்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள்.

மெக்கானிக் பிழைப்பைக் கெடுக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் மேல் எனக்குக் கோபமே இல்லை, அந்த ரீவைண்டிங்காரரை நான் கும்பிடுகிறேன். கழற்றிப் பார்க்காமல் மாற்றச் சொல்பவரிடம்தான் சண்டை. பழுது பார்க்கும் உரிமை பற்றி மத்திய நுகர்வோர் துறை 2022-இல் குழு போட்டது, இணையதளமும் திறந்தது, வாகனங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்லது. ஆனால் நான் கேட்பது சின்ன விஷயம்: கார்பன் பிரஷ்ஷைத் தனியாக விற்கட்டும், வண்டியைக் கழற்றி மாட்டும் புத்தகத்தைத் தமிழில் அச்சடித்து, காசு வாங்கிக்கொண்டாவது கொடுக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முன் சக்கரத்தைக் கழற்றப் போகிறேன். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் என்னால் குனிய முடியாது. பதினேழாம் நம்பர் ஸ்பேனர் இருந்தால் கொண்டுவாருங்கள், என்னுடையதைப் பேரன் எங்கேயோ போட்டுவிட்டான்.