எதிர்ப்பு சக்தி கூடினால் நல்லதா?

மருந்துக் கடை, மளிகைக் கடை எங்கே போனாலும் ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ டப்பா கண்ணில் படுகிறது. கரோனாவுக்குப் பிறகு தேயிலைத் தூளுக்கும் அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது. எதிர்ப்பு சக்தி கூடக் கூட நல்லது என்ற நினைப்புதான் இந்த வியாபாரத்தின் முதல். செல்லுக்குள் நடப்பதோ வேறு.

1957இல் லண்டன் மில் ஹில் ஆய்வகத்தில் அலிக் ஐசக்ஸும் ழான் லின்டன்மானும் கோழி முட்டைக்குள் இருக்கும் சவ்வின் மீது, சூடாக்கிச் செயலிழக்க வைத்த ஃப்ளூ வைரஸை விட்டார்கள். பிறகு அந்தச் சவ்வு ஊறிய திரவத்தை எடுத்துப் புதிய சவ்வில் ஊற்றினார்கள். அதில் உயிருள்ள வைரஸாலும் சரியாகப் பெருக முடியவில்லை. தாக்கப்பட்ட செல்கள் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து மற்ற செல்களை உஷார்படுத்தியிருந்தன. அதற்கு அவர்கள் வைத்த பெயர் இன்டர்ஃபெரான்.

வைரஸ் நுழைந்தது செல்லுக்கு எப்படித் தெரிகிறது? டிஎன்ஏ இருக்க வேண்டிய இடம் உட்கரு. அதற்கு வெளியே டிஎன்ஏ தென்பட்டால் சிஜிஏஎஸ் என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டு அபாயச் சங்கு ஊதும். டல்லஸில் ஜிஜியான் சென் குழு கண்டறிந்தது இது. 2024இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. ஃப்ளூ போன்ற ஆர்என்ஏ வைரஸ்களைப் பிடிக்க ரிக்-ஐ என்று வேறொரு புரதம் உண்டு. சங்கு ஊதியதும் இன்டர்ஃபெரான் சுரந்து, நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழிக்கின்றன. வைரஸின் ஆர்என்ஏ துண்டாடப்படுகிறது. செல் தன் புரத உற்பத்தியையே நிறுத்திக்கொள்கிறது.

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் இன்டர்ஃபெரானும் ஒரு காரணம். ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்கு அதையே ஊசியாகப் போட்டபோது, ஃப்ளூ இல்லாமலேயே ஃப்ளூவின் அவதி வந்தது.

அது அடங்காமல் சுரந்தால்? எய்கார்டி-கூட்டியேர் என்ற அரிய பரம்பரை நோயில், சிதறிய டிஎன்ஏவைத் துப்புரவு செய்யும் நொதி சில குழந்தைகளுக்கு வேலை செய்வதில்லை. உடல் தன் டிஎன்ஏவையே வைரஸ் என்று எண்ணி ஓயாமல் இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது. மூளை பாதிக்கப்படுகிறது. எந்த பூஸ்டர் டப்பாவும் இந்தக் குழந்தைகளைப் பற்றிப் பேசாது.

மறுபக்கமும் உண்டு. 2020இல் கரோனாவால் உயிருக்குப் போராடிய 987 பேரை ழான்-லோரான் கசனோவா குழு ஆராய்ந்தது. 101 பேரின் ரத்தத்தில், அவர்களுடைய இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன; அவர்களில் 95 பேர் ஆண்கள். நோய் லேசாக வந்துபோன 663 பேரில் ஒருவரிடமும் அவை இல்லை. ஆன்டிபாடியும் எதிர்ப்பு சக்திதானே! டப்பா எதைக் கூட்டுகிறதாம்?

குறிப்பிட்ட வைரஸை அடையாளம் காட்டி உடலைப் பழக்குவது தடுப்பூசி. கட்டம் கட்டமாகப் பரிசோதித்த பிறகே அது கைக்கு வருகிறது. டப்பாக்காரர்களிடமும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே கறாரைக் காட்ட வேண்டும்: எந்தச் செல்லில், எந்தப் பொருளை, எவ்வளவு கூட்டுகிறீர்கள்? பதில் இல்லையென்றால் அந்த வாசகத்தை அட்டையிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும்.