ஆப் போதும், டப்பா செய்யுங்க

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன். இந்த வருஷமும் நாலு டீமாவது "மீனவர்களுக்கு ஆப்" என்று கிளம்பியிருக்கும்.

நம்ம சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டிப் போற வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் சேருது. அந்த முகத்துவாரத்தில் மணல்திட்டு இடம் மாறிக்கிட்டே இருக்கும். போன் மேப்பில் அது வெறும் நீலம், ஆழம் தெரியாது. ஆழம் போட்ட எலெக்ட்ரானிக் சார்ட்டும் சர்வே எடுத்த தேதிக்குத்தான் உண்மை.

அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணி. ஐபி67 என்பது ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணியில் 30 நிமிஷம் வைத்துப் பார்க்கும் டெஸ்ட். கூரையில்லாத ஃபைபர் படகில் அடிக்கும் உப்புத் தண்ணியும், சார்ஜிங் போர்ட்டில் ஏறும் களிம்பும் அதில் கணக்கே இல்லை. டச் ஸ்கிரீன் ஈர விரலுக்கு அடங்காது. பட்டன் வைச்ச கையடக்க ஜிபிஎஸ்தான் இன்னும் மேல் என்பேன்.

2017 ஒக்கி புயலுக்குப் பிறகு, 2019-இல் ஜெமினி கருவி வந்தது. சிக்னல் எட்டாத கடலிலும் சாட்டிலைட் எச்சரிக்கையை வாங்கி ப்ளூடூத்தில் போனுக்கு அனுப்பும். அருமையான ஐடியா. ஆனா படிக்கணும்னா அதே நனைஞ்ச போன்தான்!

ஓட்டையே இல்லாத டப்பா, வயர்லெஸ் சார்ஜிங், வெயிலில் தெரியுற ஸ்கிரீன், நாலு பெரிய பட்டன். இதைச் செய்யுங்க. ஒரு வாரம் கடல் தண்ணி வாளியில் ஊறப்போட்டு, ரிவ்யூவுக்கு வாளியோடவே தூக்கிட்டு வாங்க.