காதால் கேட்பதும் பொய்

வீட்டிற்கு இசைக் கருவி வாங்கப் புறப்படுபவர் கடையிலே என்ன செய்கின்றார்? இரண்டு சோடி ஒலிபெருக்கிப் பெட்டிகளில் ஒரே பாடலை மாற்றி மாற்றிக் கேட்கின்றார். செவிக்கு எது இனிக்கின்றதோ அதற்குப் பணத்தை எண்ணிக் கொடுக்கின்றார். இதில் என்ன தவறு என்று வாசகர்கள் வினவலாம். அண்மைக் காலம் வரை நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது முதியோர் வாக்கு. அதன் பொருளை எமக்கு நன்கு உணர்த்தியது ஒரு சோடி ஒலிபெருக்கிப் பெட்டியே.

உயர்தர வகுப்பில் பயிலும் எமது மைந்தன், வீட்டிலுள்ள பழைய பெட்டிகளை அகற்றிவிட்டுப் புதியன வாங்க வேண்டுமெனப் பல மாதங்களாக வற்புறுத்தி வந்தான். தன் சேமிப்பையும் அதற்குத் தருவதாகக் கூறினான். பழையவற்றில் பாட்டுத் தெளிவாக இல்லை என்பது அவனது முறைப்பாடு. எம் அன்னையாரோ சில காலமாகப் பாட்டுக் கேட்பதையே விட்டிருந்தார். முதுமையில் வரும் சலிப்பு என்றெண்ணி நாமும் வாளாவிருந்தோம். இந்நிலையில், எமக்கு அறிமுகமான கடைக்காரர் ஒருவர் புதிய சோடியொன்றை இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்டுப்பார்க்க இணங்கினார்.

வந்த அன்றே தீர்ப்பும் ஆயிற்று. புதியது முழங்கியது, பழையது அதன் முன் முனகியது. "அப்பா, இதுதான்!" என்றான் மைந்தன். பணத்தையும் எடுத்து வைத்துவிட்டோம். அன்றிரவு படுக்கையில்தான், ஒலியைப் பற்றி முன்னர் படித்தவை ஒவ்வொன்றாக நினைவிற்கு வந்தன.

1933ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் மனிதச் செவியின் இயல்பை அளந்து வெளியிட்டனர். ஒலி மெலிதாக இருக்கும்போது தாழ்ந்த சுருதிகளைச் செவி மிகக் குறைவாகவே உணர்கின்றது; ஒலி உயர உயர அவை நிறைவாகக் கேட்கின்றன. ஆகவே, ஒரே பெட்டியைச் சற்று உரக்க ஒலிக்கச் செய்தாலே அது வளம் மிக்கதாகத் தோன்றும். கேட்பவர் "இது உரத்தது" என்று கூறார். "இது சிறந்தது" என்றே கூறுவார். திருகை ஒரே இடத்தில் வைத்தாலும் எல்லாப் பெட்டிகளும் ஒரே அளவில் ஒலிப்பதில்லை என்பதையும் இங்கு மறத்தலாகாது.

எடிசனின் நிறுவனத்தார் 1915 முதல் 1925 வரை அமெரிக்க நகரங்களில் ஒரு காட்சி நடத்தி வந்தனர். பாடகி ஒருவர் இசைத்தட்டுக் கருவியின் அருகே நின்று பாடுவார், விளக்குகள் அணையும், பாடுவது பாடகியா, தட்டா எனச் சபையோர் அறியாது வியப்பர். அப்பாடகியருள் ஒருவரான அன்னா கேஸ், தட்டின் ஒலியை மிஞ்சாதவாறு தம் குரலை அடக்கிப் பாடியதாகப் பிற்காலத்தில் கூறினார். ஒலியின் அளவு ஒன்றானதும் பெருஞ்சபையே ஏமாந்தது.

கண் செய்யும் மயக்கமும் சிறிதன்று. புளோயிட் டூல், ஷோன் ஒலிவ் என்னும் ஆய்வாளர் இருவர் 1994இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரே பெட்டிகளை ஒரே மனிதர் கண்டு கேட்டபோது ஒரு மதிப்பும், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது வேறொரு மதிப்பும் அளித்தனர்.

இவற்றை எண்ணி, மறுநாள் நாமும் தீர விசாரிக்க முற்பட்டோம். இடம் மாறினால் ஒலியும் மாறுமாதலால், அலுமாரி மூலையிற் கிடந்த பழைய பெட்டிகளைச் சுவரை விட்டு விலக்கி, புதியவற்றோடு ஒரே மேசையில் வைத்தோம். இல்லாள் ஒரு சேலையைத் திரையாகக் கட்டினார். நாம் அமரும் கதிரையில் கைத்தொலைபேசியை வைத்து, அதிலுள்ள ஒலியளக்கும் செயலியின் துணையோடு இரண்டையும் ஒரே டெசிபெல் அளவிற்குக் கொணர்ந்தோம். நன்கு பழகிய பாடல் ஒன்றில் அரை நிமிடப் பகுதியைத் தெரிந்துகொண்டோம். ஒலியின் நுட்பங்கள் நினைவில் நெடுநேரம் நில்லா. இல்லாள் திரைக்குப் பின்னால் நாணயம் சுண்டி எது முதலில் ஒலிப்பதென முடிவு செய்ய, கேட்டவர்கள் தம் முடிவைத் தனித்தனியே தாளில் எழுதினோம்.

பத்துச் சுற்றுகள் முடிந்து தாள்களை விரித்தபோது, மைந்தன் ஆறு முறை பழையதையே சிறந்ததெனக் குறித்திருந்தான். நாம் ஐந்து முறை பழையதையும் ஐந்து முறை புதியதையும் குறித்திருந்தோம். நாணயம் சுண்டியவரும் அதே விடையைத் தந்திருக்கலாம். வேறுபாடு உண்டெனச் சொல்ல எம்மால் இயலவில்லை.

அப்பொழுதுதான் உள்ளறையிலிருந்து அன்னையார் வந்து அமர்ந்தார். ஒலித்துக்கொண்டிருந்தது பழைய பெட்டி. சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, "தம்பி, இவ்வளவு நாளும் பாட்டு வெறும் இரைச்சலாய்க் கிடந்தது. இப்பத்தான் சொல்லுகள் விளங்குது" என்றார்.

மூலையில் வைத்த பெட்டியின் தாழ்ந்த ஒலிகளைச் சுவர்கள் திருப்பி அனுப்பிப் பெருக்குகின்றன. அப்பெருக்கம் சொற்களை மூடிவிடுகின்றது. சொல்லைச் சொல்லினின்று பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பெரும்பாலும் உயர்ந்த சுருதியின; முதுமையில் முதலிற் குன்றுவது அவற்றைக் கேட்கும் ஆற்றலே. அன்னையாருக்கு நேர்ந்தது சலிப்பன்று. பெட்டியை மூலையிற் தள்ளியவர்கள் நாம். குறையை அவர் முதுமையின் மேற் போட்டவர்களும் நாமே.

எல்லா வீட்டிலும் பழையதே வெல்லுமென நாம் கூறவில்லை. நேர்மையான சோதனையில் புதியது வென்றால் மகிழ்ந்து வாங்குக. ஆனால் விளம்பரத்திற் காணும் பெரிய உவாற்று எண்களைக் கண்டு மயங்கற்க. வலு இருமடங்கானால் ஒலி 3 டெசிபெல் அளவே உயரும். செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். பணத்தை எடுப்பதற்கு முன்னர், வீட்டிலுள்ள பெட்டியை இரண்டடி நகர்த்திப் பாருங்கள், அதற்குச் செலவில்லை. வீட்டிலுள்ள முதியவரையும் அருகே அழைத்து, சொற்கள் விளங்குகின்றனவா என்று கேளுங்கள்.

புதிய சோடி நன்றியுடன் கடைக்குத் திரும்பியது. மைந்தனின் சேமிப்பு வங்கியிலேயே இருக்கின்றது. மாலை வேளைகளில் முன்கூடத்துக் கதிரையொன்று இப்பொழுது அப்பாச்சிக்கு உரியதாகிவிட்டது.