முகத்து உண்ணிக்குச் சுண்ணாம்பா?



அமிர்தகழியில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கும் சகோதரி எழுதியிருக்கிறார். கன்னங்களிலும் கண்ணுக்குக் கீழேயும் மிளகை ஒட்டி வைத்தாற்போல் சின்னச் சின்னக் கறுப்பு உண்ணிகள். இருபத்தைந்து வயதில் இரண்டு மூன்றாய்த் தொடங்கியவை, நாற்பதைத் தாண்டியபோது எண்ண முடியாமல் போய்விட்டனவாம். அவருடைய உம்மாவுக்கும் இப்படித்தான். இப்போது மகளின் கன்னத்திலும் இரண்டு தெரிகின்றன. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். "சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்து வைத்தால் உதிர்ந்துவிடும் என்கிறார் மாமி. வைக்கட்டுமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம் சகோதரி. வெற்றிலைத் தட்டில் இருக்கிறதே என்று சுண்ணாம்பைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். அது கடுமையான காரம். உண்ணியோடு நின்றுவிடாமல் கீழே உள்ள நல்ல தோலையும் ஆழமாக அரித்துக்கொண்டு போகும். உண்ணி உதிர்வது உண்மைதான். அந்த இடத்தில் குழியோ, வெள்ளைத் தழும்போ, தடித்த வடுவோ மிஞ்சும். மிளகளவு உண்ணியை யாரும் கவனிக்காமல் விடலாம், வெந்த வடுவை விடமாட்டார்கள். கண்ணருகே என்றால் பார்வைக்கே ஆபத்து.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது கறுத்த, மாநிறத் தோலுள்ளவர்களுக்கு வரும் சாதாரண உண்ணி. பெண்களுக்கே அதிகம். தாய்வழி, தந்தைவழி என்று குடும்பத்தில் இறங்கி வரும். தொற்றாது; புற்றுநோயாக மாறாது. முகம் கழுவாததாலோ, சாப்பாட்டாலோ, கண்ணூறாலோ வருவதும் அல்ல. இதைத் தனி நோயாக 1925இல் விவரித்து எழுதியவர் அல்டோ காஸ்ட்டெல்லானி என்ற இத்தாலிய வைத்தியர். அவர் 1903இல் நம் நாட்டுக்கு வந்து கொழும்பில் பல ஆண்டுகள் கிருமி ஆராய்ச்சி செய்தவர். ஆனால் இந்த உண்ணியை அவர் விவரித்தது ஜமைக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் கண்டவற்றைக் கொண்டு! நம் பெண்களின் முகங்களிலும் அது இருந்திருக்கும்தானே.

அப்படியே விட்டுவிட்டாலும் ஒன்றும் ஆகாது. எடுக்கத்தான் வேண்டுமென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். மெல்லிய மின்சூட்டால் கருக்கியோ, நுனியைக் கத்தரித்தோ எடுப்பார்கள். நம் நிறத்தில் சிலருக்குக் கருமையோ வெளிறலோ மாதக்கணக்கில் நிற்கும். அதனால் முதலில் ஒன்றிரண்டை மட்டும், காதோரமாக, எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகும் புதியவை முளைக்கலாம். நிக்காஹுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இந்த வேலையில் இறங்கவே கூடாது. மகளுக்கு இரண்டே இரண்டு என்கிறீர்கள். நானாயின் தொடவே மாட்டேன்.

வெள்ளையாக்கும் கிறீம்களால் உண்ணி கரையாது. பெயர் தெரியாத சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முகத்தில் வருவதெல்லாம் இந்த உண்ணிதான் என்றும் இருந்துவிடாதீர்கள். அரிசிக் குருணைபோல் வெள்ளையாக இருப்பது வேறு. கைக்குழந்தைக்கு அது சில வாரங்களில் தானே மறையும், கிள்ளாதீர்கள். தோல் நிறத்திலேயே தட்டையாகப் பரவுவது மரு; அது தொற்றும், பிளேட் பட்டால் வரிசையாகப் பரவும். ஒன்று மட்டும் வேகமாகப் பெரிதானாலோ, நிறம் மாறினாலோ, இரத்தம் கசிந்து ஆறாமல் இருந்தாலோ, குறுகிய காலத்தில் ஏராளமாகக் கிளம்பினாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

"அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். துன்பம் தராத ஒன்றை அழகுக்காக மட்டும் எடுப்பது எந்த எல்லைக்குள் வரும் என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். அப்படியே இன்னொன்றையும் கேட்டு வையுங்கள். எடுத்த இடத்தில் பொருக்கு உதிர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை வுழூவின்போது முகத்தைத் தேய்க்காமல் தண்ணீரை ஓடவிட்டால் போதும். முதல் நாள் தண்ணீரே படக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டால் தயம்மும் எப்படி என்பதைப் போவதற்கு முன்பே அறிந்துகொள்ளுங்கள்.