பனியும் பாட்டும்

1961-இல் ஸ்ரீதர் 'தேன் நிலவு' எடுக்கக் காஷ்மீருக்குப் போனாலும் போனார், நம் சினிமாவுக்குப் பனி என்றாலே பாட்டு என்றாகிவிட்டது. நாயகனுக்கு ஸ்வெட்டர், நாயகிக்கு மெல்லிய சேலை! அந்தப் பனியில் ஒருத்தி பாத்திரம் துலக்கிப் பார்த்தவர் உண்டா?

இமயமலைச் சாரலிலுள்ள மணாலியில் என் தங்கை மகள் குடித்தனம் போட்டு மூன்று குளிர்காலம் ஆகிறது. மாப்பிள்ளைக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொடுக்கும் இடத்தில் உத்தியோகம். "அவர்களுக்கென்ன, தினமும் தேனிலவு!" என்கிறது எங்கள் மருங்காபுரி.

இரவே குடங்களில் பிடித்து வைக்காவிட்டால் விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் உறைந்திருக்கும். 2,050 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு லேசில் வேகாது. இட்லி மாவைக் கம்பளி போர்த்தி, அடுப்பருகே பச்சைக் குழந்தைபோல் காக்கவேண்டும். கொடியில் போட்ட வேட்டி பலகையாக நிற்கும். வாசல் பனியைத் தள்ளவேண்டும், விறகு சுமக்கவேண்டும். மாப்பிள்ளைக்கோ பனிக்காலம்தான் அறுவடைக் காலம். விடிந்தால் போனவர் இருட்டித்தான் திரும்புவார். மற்றதெல்லாம் யார் தலையில்?

சென்ற பொங்கலுக்கு வந்தவளின் விரல்களெல்லாம் வெடித்திருந்தன. பக்கத்து வீட்டு அம்மாள் ஆவலாகக் கேட்டது, பனியில் எடுத்த படம் இருக்கிறதா என்று! "இரண்டு பேருக்குப் பொங்கிப் போட்டால், அப்புறம் அவளுக்கு அங்கே என்ன வேலை?" என்கிறாள் சம்பந்தியம்மாள்.

கதை எழுதும் என் நண்பர்கள் இவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர். வெளியே பனி பெய்தது, கணப்பருகே இருவரும் நெருங்கி உட்கார்ந்தார்கள் என்று எழுதி, பேனாவை மூடிவிடுகிறார்கள். ஐயா, அந்தக் கணப்புக்கு விறகு கொண்டுவந்தது யார்?